பார்ப்பதும் பணிவிடைதான்

இன்று காலையில் நெற்றியில் நாமம் இட்டீர்களே, அப்போது திருமண் விரலுக்குக் குளிர்ச்சியாக இருந்ததா, காய்ந்து பொடியாக இருந்ததா? கேட்டால் நம்மில் பாதிப்பேருக்குப் பதில் தெரியாது. இட்டோம் என்பது மட்டும் தெரியும். கை எழுதியது, நெற்றி வாங்கிக்கொண்டது. மனசு அந்த நேரத்தில் பேருந்து நிலையத்தில் நின்றதோ, வட்டிக்கடையில் நின்றதோ, யாருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிக்கு ஏதாவது ஒரு நிழல் தாங்கலின் வாசலில் நின்று பாருங்கள். செருப்பைக் கழற்றும்போதே ஒரு கை சட்டைப் பொத்தானை அவிழ்க்கிறது, மறு கையில் கைபேசி. தலைப்பாகை கட்டி உள்ளே போய், பள்ளியறைக் கண்ணாடியை நோக்கிக் கைகூப்பி, நாமம் வாங்கி, இனிமம் வாங்கி வெளியே வர ஐந்து நிமிடம். உச்சிப்படிப்பும் இப்போது இதற்குச் சளைத்ததில்லை. எந்தத் தாங்கலில் சாப்பாடு இறக்கியாகிவிட்டது என்பதை ஒலிபெருக்கியைக் கேட்டே சொல்லிவிடலாம், படிப்பின் வேகம் சட்டென்று கூடிவிடும். பசி எல்லாருக்கும் உண்டு, அது குற்றமில்லை. ஆனால் வாய் படிக்கும்போது காது அதைக் கேட்காமல் போவது எப்படி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

குறோணியின் ஆறாவது துண்டாகக் கலியன் பிறந்த கதையைத் திருஏடு வாசிப்பில் கேட்டவர்கள்தான் நாம். கலி என்றதும் நமக்கு ஊரில் நடக்கிற கொலையும் களவும், லஞ்சமும் பொய்யும் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் கலிதான். அதே கலி ஒரு வாளித் தண்ணீரிலும் வேலை செய்யும் என்பதை மறந்துபோகிறோம். கை தண்ணீரில் இருக்க, மனசைத் தூக்கிக்கொண்டு போய் நாளைய கவலையில் வைக்கிறதே, அதற்கும் அவன்தான் பொறுப்பு. கண் திறந்திருக்கிறது, ஆனால் எதையும் பார்ப்பதில்லை. இந்த உறக்கத்துக்குப் படுக்கைகூட வேண்டாம்.

வாழ்க்கையே ஒரு கனவு, அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் கனவைச் சரியாகப் பார்த்ததில்லை என்றுதான் தோன்றுகிறது. கனவில் இறந்துபோன அம்மா வந்து ஒரு செம்பு தண்ணீர் தருகிறாள். அந்தச் செம்பின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது. தண்ணீர் தளும்புகிறது, அவள் வளையல் செம்பில் இடித்துச் சத்தம் வருகிறது. எல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது. எந்த அவசரமும் இல்லை. விழித்து எழுந்து அடுக்களையில் போய்ப் பார்த்தால் அதே செம்பு இருக்கிறது, அந்த நசுங்கலும் இருக்கிறது. அவள் உயிரோடு இருந்தபோது அந்தச் செம்பை ஆயிரம் தடவை அவள் கையிலிருந்து வாங்கியிருப்போம். ஒரு தடவையாவது அந்த நசுங்கலைப் பார்த்திருப்போமா? கனவில் கிடைத்த அந்தப் பார்வை விழிப்பில் எங்கே போனது?

அகிலத்திரட்டு நமக்குக் கிடைத்த விதத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கொல்லம் ஆண்டு 1016 கார்த்திகையில், உறங்கிக்கொண்டிருந்த அரிகோபாலன் சீடரை எழுப்பி அய்யா எழுத வைத்தார் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவருவது. உறக்கம் கலைந்த அந்தக் கணத்தில் கேட்டவர், கேட்டதை ஓலையில் எழுத்தாணியால் ஒவ்வொரு எழுத்தாகக் கீறினார். 15,000 அடிகளுக்கு மேல். ஓலையில் கீறியதை நாம் இன்று கைபேசியில் அழிப்பதுபோல் அழித்துவிட முடியாது. விரல் வலித்திருக்கும், விளக்கில் எண்ணெய் குறைந்திருக்கும். மனசு வேறெங்காவது போயிருந்தால் நம் கையில் இன்று ஏடு இருந்திருக்குமா?

துவையல் தவசை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் போய் இருந்தார்கள். அதன்பின் முட்டப்பதிக்குப் போனார்கள். அங்கே அவர்கள் செய்தது என்ன? மலையேறவில்லை, ஒற்றைக்காலில் நிற்கவில்லை. கடலில் குளித்தார்கள், உடுத்த துணியைத் துவைத்தார்கள், அரிசியும் சிறுபயறும் பொங்கி ஒருநேரம் உண்டார்கள், அய்யாவின் நாமத்தைச் சொன்னார்கள். நம் வீட்டில் தினமும் நடக்கிற வேலைகள்தான். அந்த வேலைகளையே அய்யா தவசு ஆக்கினார். துவைக்கிற துணியில் மனசு இருந்தால் அதுவே தவசு என்பதை, படிக்கவிடாமல் வைத்திருந்த ஒரு ஜனத்துக்குக் கடற்கரையில் வைத்துக் கற்றுக்கொடுத்தார். பதியில் இன்றும் நித்தப்பால் வாங்கிக் குடிக்கிறோமே, அந்த அரிசியும் பயறும் நாக்கில் படும்போது வாகைப்பதி நினைவுக்கு வந்தால் நல்லது.

தலைப்பாகையும் அப்படியே. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, தலையில் துணி கட்டக்கூடாது என்று திருவிதாங்கூரில் நம் முன்னோரைத் தடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தலைகளில்தான் அய்யா முண்டாசு கட்டச் சொன்னார். முதன்முதலில் கட்டிய மனிதனின் கை எப்படி நடுங்கியிருக்கும்! நாம் இன்று தாங்கல் வாசலில் ஒரே முறுக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறோம். முத்திரிக் கிணற்றில் வாளி விட்டு இறைக்கும்போதும் அந்தக் காலத்தை நினைப்பதில்லை. ஊர்க் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்று விரட்டப்பட்டவர்களுக்கு எல்லாச் சாதிக்காரரோடும் சேர்ந்து தலையில் ஊற்றிக் குளிக்க ஒரு கிணறு கிடைத்ததே! அந்தத் தண்ணீர் முதல் வாளியாகத் தலையில் விழும்போது, ஒரே ஒரு நொடி கண்ணை மூடி அதன் குளிர்ச்சியை வாங்கிக்கொள்ள நமக்கு நேரமில்லாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டம்.

தென் குமரிப் பக்கத்தில் ஒரு சிறிய தாங்கல். அங்கே மாலை விளக்குக்கு ஒரு மருமகள் தன் மாமியாரைக் கைபிடித்து அழைத்து வருவாள். கிழவிக்கு எண்பது வயதுக்கு மேல். தென்னை ஓலை முடைந்து பிள்ளைகளை வளர்த்தவள். மூன்று வருடமாக ஞாபகம் போய்க்கொண்டே இருந்தது. மகன் வளைகுடா நாட்டில் வேலையில். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் "இன்னும் சோறு தரலியே" என்பாள். நடுராத்திரி எழுந்து கதவைத் திறந்துகொண்டு, என்றோ இறந்துபோன அண்ணனைத் தேடித் தெருவில் இறங்கிவிடுவாள். புடவைத் தலைப்பை நூல் நூலாகப் பிரித்து நாசமாக்குவாள். மருமகள் ஒரு முழு இரவு தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது. தாங்கலுக்கு அவள் அழைத்துவந்ததற்குக் காரணம் பக்தி என்று சொல்ல முடியாது. அந்த ஒரு இடத்தில்தான் கிழவி அரைமணி நேரம் ஓர் இடமாக உட்காருவாள்.

ஒருநாள் விளக்கேற்றியபின் கிழவி எழுந்து பள்ளியறை வாசலுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே விளக்குக்குப் பின்னால் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அது தன் முகம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆரு, எப்ப வந்திய? சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு பையன் கைபேசியை எடுத்துப் படம்பிடிக்கப் போனான். பணிவிடை செய்கிற பாட்டா அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "மக்ளே, நான் நாப்பது வருசமா இந்தக் கண்ணாடி முன்னால நிக்கேன். அது கேட்டத நான் ஒருநாளும் கேட்டதில்ல பாத்துக்க" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. கிழவி கையில் இனிமத்தைக் கொடுத்தார். அவள் பழத்தில் பாதியைப் பிய்த்துக் கண்ணாடியில் இருந்தவளுக்கு நீட்டிக்கொண்டு நின்றாள்.

பள்ளியறையில் கண்ணாடி ஏன் வைத்திருக்கிறது என்று கேட்டால் நம் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள், உனக்குள் இருக்கும் இறைவனைப் பார் என்பதற்காக என்று. படித்து வைத்த பதில், தப்பில்லாத பதில். ஆனால் அந்தக் கண்ணாடி முன் நின்று தலைப்பாகையின் கோணலைச் சரிசெய்துகொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். அறிவு தெளிவாக உள்ள நமக்கு அதில் தெரிவது நம் முகம். ஞாபகம் கலைந்துபோன ஒருத்திக்கு, வந்திருக்கிற ஒரு விருந்தாளி தெரிந்தார்; அவருக்குப் பசிக்குமே என்ற எண்ணம் வந்தது. அவள் கனவில் நடப்பவள்போல் இருந்தாள் என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கனவில் தருமம் தவறவில்லை.

நடந்தது அத்தோடு முடியவில்லை. மாமியாரை அழைத்துப் போகலாம் என்று மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியில் இரண்டு பேர் ஆனார்கள். கிழவி அந்த இரண்டாவது முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பிள்ள என்ன இப்படி மெலிஞ்சு கெடக்கு? இதுக்கு ஆரும் சோறு போடலியா?"

மூன்று வருடத்தில் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்வி. வெளிநாட்டிலிருந்து போனில் பேசுகிற புருஷன் "அம்மா எப்படி இருக்கா" என்று கேட்பான். தெருவில் பார்க்கிறவர்களும் "மாமியா எப்படி இருக்காவ" என்றுதான் கேட்பார்கள். அவள் தாங்கல் திண்ணையில் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் அங்கே நின்ற பெண்களும் அவளை முதன்முறையாகப் பார்த்தார்கள். தினமும் வருகிறவள்தான், தினமும் கண்ணில் பட்டவள்தான். கண்ணின் கீழே இருந்த கருப்பையும், தொளதொளத்துப் போன ரவிக்கையையும் அன்றுதான் கண்டார்கள்.

இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்களிடம் போய் "பொறுமையா இரு, அதிலயும் ஒரு அழகு இருக்கு" என்று யாரும் உபதேசம் பண்ணக் கிளம்பிவிடக் கூடாது. அந்த வேலையைச் செய்யாதவர்களுக்கு அழகு சுலபமாகத் தெரியும். அந்தத் தாங்கல் பெண்கள் உபதேசம் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் இன்னொருத்தியும் மத்தியானத்தில் முறைவைத்துக் கிழவியோடு போய் இருந்தார்கள், மருமகள் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். பார்த்ததற்குப் பலன் அதுதான். தூங்கி எழுந்த பிறகே அவளுக்கும் கண் தெளிந்தது என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் கிழவி வழக்கம்போல் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிழிக்காதீங்க என்று கையைத் தட்டிவிடப் போன மருமகள் சற்று நின்றாள். அந்த விரல்கள் கிழிக்கவில்லை. ஒரு நூலை மேலே எடுத்து, அடுத்ததைக் கீழே தள்ளி, மறுபடி மேலே எடுத்துக்கொண்டிருந்தன. எத்தனையோ மாதமாக அது கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. அது நாசவேலை இல்லை, கிழவி ஓலை முடைகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மருமகள் ஒரு தென்னை ஓலையைக் கீறி, தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, தாங்கல் திண்ணைக்கே கொண்டுவந்து மாமியார் முன் வைத்தாள். பெயர்களையும் முகங்களையும் தொலைத்தவள் விரல்கள் எதையும் தொலைக்கவில்லை. காலால் மட்டையை மிதித்துக்கொண்டு, இதழ் இதழாக எடுத்துப் பின்னத் தொடங்கினாள். அவசரமே இல்லை. ஈர ஓலையின் மணம் திண்ணை முழுக்க இருந்தது. படிப்புக்கு வந்த பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். படம்பிடிக்கப் போன பையன் அவள் காலடியில் உட்கார்ந்து ஈர்க்கு எடுத்துக் கொடுத்தான். அன்று மாலைப் படிப்பு கால்மணி நேரம் தாமதமானது. பாட்டா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முடைந்த ஓலையைத் தாங்கலின் சமையல் கொட்டகையில், வெயில் படுகிற பக்கமாகத் தொங்கவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்த கிழவி அதன் முன்னால் நின்று விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது ஆரு முடைஞ்சது? இடைவெளி இல்லாம நல்லா முடைஞ்சிருக்கே."

"நீங்கதான் அத்த" என்றாள் மருமகள்.

"போ பிள்ள!" என்று சிரித்துவிட்டு, உள்ளே இருக்கிறவளிடமும் இந்தச் சங்கதியைச் சொல்ல வேண்டும் என்று கிழவி பள்ளியறைப் பக்கமாக நடந்தாள்.

அய்யா உண்டு.