பிறர் வீட்டுப் பிள்ளை

சென்ற வருடம், சிறு வகுப்புகளில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். மருத்துவ பீடத்துக்கு அந்தப் புள்ளிகள் போதாது. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போதும். "வாப்பா விடமாட்டாராம் சேர். நீங்க ஒருக்காச் சொன்னாக் கேப்பாரு" என்றாள்.

மறுநாள் அஸருக்குப் பின் போனேன். தேநீர் தந்து, மரியாதையாக இருத்தி, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார் அந்த மனிதர். பிறகு சொன்னார்: "படிப்பிக்கிற தொழில் எண்டா நாளைக்கே அனுப்புவன் சேர். இது ராவையில ஆம்புளையள்ற வார்டுல நிக்கிற தொழில். எங்கட குடும்பத்துக்குச் சரிவராது." நான் சேவை, புண்ணியம், மனிதாபிமானம் என்று தெரிந்த சொற்களையெல்லாம் அடுக்கினேன். கடைசியில் அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "உங்கட மகள அனுப்புவீங்களா சேர்?"

நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். கேள்வியைக் கொஞ்சம் விரித்தால் இப்படி வரும்: ஒரு சேவை நமக்கு வேண்டும். அது இல்லாமல் நம்மால் வாழ முடியாது. ஆனால் அதைச் செய்பவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது, பிறர் வீட்டுப் பிள்ளையாகவே இருக்க வேண்டும். இப்படி எண்ணுவது அறமாகுமா?

இந்த எண்ணம் எனக்குள்ளும் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2008 இல் என் மனைவியைப் பிரசவத்துக்காகத் திருகோணமலைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் 'பாதை' ஏறித்தான் கடக்க வேண்டும். பாதைக்குக் காத்து நின்ற நேரத்தில் நான் கேட்ட துஆ, தாயும் பிள்ளையும் பிழைக்க வேண்டும் என்பது மட்டுமல்ல. பிரசவ அறையில் பெண்களே இருக்க வேண்டும் என்பதும்தான். அல்லாஹ் அந்த துஆவை ஏற்றான். என் மகளை முதலில் கையில் ஏந்தியவள் அநுராதபுரப் பக்கத்துச் சிங்களப் பெண். எங்கோ ஒரு தகப்பன் தன் மகளை இரவு வேலைக்கு அனுப்பியிருந்ததால்தான் என் மனைவியின் மானம் காக்கப்பட்டது. அந்தத் தகப்பனை நான் அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

நம் ஊர்களில் ஒரு காலம் மாலையானால் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் குடும்பமே கூடி, ரூபவாஹினியில் சிங்களக் குரலில் 'சுஜாத தியணி' என்ற கொரிய நாடகத்தைப் பார்த்தது. சிங்களம் சரியாகத் தெரியாத உம்மாமாரும் ஒரு நாள் தவறாமல் பார்த்தார்கள். 2003 இல் கொரியாவில் ஒளிபரப்பான 'டே ஜாங் கும்' நாடகம்தான் அது. அரண்மனைச் சமையலறையிலிருந்து துரத்தப்பட்ட ஜாங் கும், மருத்துவப் பணிப்பெண்ணாகப் பயின்று, இறுதியில் அரசனுக்கே வைத்தியம் பார்க்கும் நிலைக்கு உயர்கிறாள். அந்தப் பெயருடைய மருத்துவப் பெண்ணொருத்தி பதினாறாம் நூற்றாண்டில், ஜுங்ஜோங் மன்னன் காலத்தில் இருந்ததாக அந்நாட்டு அரச குறிப்புகளே சொல்கின்றன.

அந்த நாடகத்தை நம்மவர்கள் பார்த்து அழுததற்குக் காரணம் அவள் பட்ட துன்பம். ஆனால் அவள் சேர்ந்த 'உய்ன்யோ' என்ற அந்த மருத்துவப் பெண்கள் கூட்டம் எப்படித் தோன்றியது என்ற வரலாறு நம்மைப் பற்றியதுபோலவே இருக்கிறது. ஜோசன் அரசில் ஆண் வைத்தியர் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பது இழுக்கு. நோயுற்ற பெண்கள் ஆண் வைத்தியருக்கு உடலைக் காட்ட வெட்கி மாண்டுபோனார்கள். எனவே 1406 இல், தேஜோங் மன்னன் காலத்தில், பெண்களுக்கு நாடி பார்க்கவும் ஊசி மருத்துவம் செய்யவும் பெண்களையே பழக்க முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் யாருடைய பிள்ளைகளைப் பழக்குவது? பிரபுக்கள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. அரசாங்க அலுவலகங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் சிறுமிகளைத் தெரிந்தெடுத்துப் படிப்பித்தார்கள். தம் மனைவியரின் கூச்சத்தைக் காக்க வந்த அந்தப் பெண்களின் கூச்சத்தை அவர்கள் மதிக்கவில்லை. பின்னர் யோன்சான் என்ற கொடுங்கோலன் காலத்தில் அதே பெண்கள் விருந்துகளுக்கும் அழைக்கப்பட்டார்கள்.

தன் வீட்டுப் பெண்ணின் மானத்துக்காக இன்னொரு வீட்டுப் பெண்ணை வேலைக்கு வைத்து, அந்த வேலையைச் செய்ததற்காகவே அவளை மானம் குறைந்தவளாகக் கருதியது அந்தச் சமூகம். அறுநூறு வருடங்களுக்கு முந்திய கொரியப் பிரபுவும், பாதையடியில் நின்று துஆக் கேட்ட நானும் இந்த விடயத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

இதற்கு ஒருவர் மறுப்புச் சொல்லலாம்: "நாங்கள் தாதியரைத் தாழ்வாக நினைக்கவில்லையே, வெள்ளுடைத் தேவதை என்றல்லவா சொல்கிறோம்!" சொல்கிறோம் என்பது உண்மைதான். எனக்கு அந்தச் சொல்லில்தான் இப்போது அதிகச் சந்தேகம்.

மலக்குமார்களுக்குப் பசியில்லை, களைப்பில்லை, உறக்கமில்லை என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அப்படியானால் ஒரு மனுசியை மலக்கு என்று சொல்வதன் பொருள் என்ன? அவளுக்குச் சம்பளம் போதுமா என்று கேட்கத் தேவையில்லை. அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்கத் தேவையில்லை. அவள் ஒரு நாள் முகம் சுளித்துவிட்டால் மட்டும் "இவளெல்லாம் ஒரு மிஸ்ஸியா?" என்று கேட்கலாம். புகழைக் கொடுத்து உரிமையை எடுத்துக்கொள்கிற வேலை இது. தாழ்த்தினாலும் சரி, வானத்துக்கு உயர்த்தினாலும் சரி, நம் வரிசையில் நம் மகளாக அவளை நிறுத்தாமல் விடுவதில் இரண்டும் ஒன்றுதான்.

திரையும் இதைத்தான் செய்து வந்திருக்கிறது. 1961 இல் ஏ. பீம்சிங் இயக்கிய 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவி ஏற்ற சாந்தி என்ற பாத்திரத்தை நம் தாய்மார் மறக்கவில்லை. வைத்தியரின் உதவியாளாக இருந்து மனைவியாகி, நோயினால் பிரிந்து, கணவன் கண்ணிழந்தபின் வேறொரு பெயரில் தாதியாக வந்து அவருக்குப் பணிவிடை செய்கிறாள். உருக்கமான கதை. ஆனால் அங்கே தாதிமை ஒரு தொழிலாக நிற்கவில்லை, பத்தினித்தனத்தின் மாறுவேடமாகிவிடுகிறது. சம்பளத்துக்காக அந்நியரைப் பராமரிக்கும் சாதாரணப் பெண்ணுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

1969 இல் அசித் சென் இயக்கிய இந்திப் படமான 'காமோஷி' இன்னும் ஒருபடி ஆழமாகப் போனது. அஷுதோஷ் முகர்ஜியின் வங்கக் கதையிலிருந்து பிறந்த படம். மனநோயாளியைக் குணப்படுத்த, அவனைக் காதலிப்பதுபோல் நடிக்கும்படி தாதி ராதாவிடம் வைத்தியர் சொல்கிறார். வஹீதா ரெஹ்மான் ஏற்ற அந்தப் பாத்திரத்தால் நடிக்க முடியவில்லை. உண்மையிலேயே அன்பு வைக்கிறாள். நோயாளி குணமாகிப் போய்விடுகிறான். இரண்டாவது நோயாளிக்கும் அவளையே அனுப்புகிறார்கள். அவனும் குணமாகிறான். அவள் அதே ஆஸ்பத்திரியின் அதே அறைக்கு நோயாளியாகப் போகிறாள். சிகிச்சை வென்றது என்று வைத்தியர் குறிப்பெழுதலாம். ஆனால் இரண்டு பேரைக் கரையேற்ற ஒருத்தியைப் படகாக்கி, அந்தப் படகு ஓட்டையானதை யாரும் பார்க்காமல் விட்ட கணக்கை எந்த ஏட்டில் எழுதுவது?

ஐம்பது வருடங்களுக்கு மேல் கழித்து, 2023 இல் வந்த 'டெய்லி டோஸ் ஒஃப் சன்ஷைன்' என்ற கொரியத் தொடரிலும் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறோம். மனநோய்ப் பிரிவில் வேலை செய்யும் தாதி ஜங் டா-உன், தான் அக்கறையோடு பராமரித்த நோயாளி உயிரை மாய்த்துக்கொண்டபின் மனச்சோர்வில் விழுந்து, தானே அனுமதிக்கப்படுகிறாள். 'காமோஷி' அங்கே முடிந்தது. இது முடியவில்லை. அவள் குணமாகி வேலைக்குத் திரும்புகிறாள். நோயாளிகளின் உறவினர் சிலர் "மனநோய் வந்தவளா எங்கள் பிள்ளையைப் பார்ப்பது?" என்று எதிர்க்கிறார்கள். தங்கள் பிள்ளை குணமாகும், ஊர் அவனை ஏற்க வேண்டும் என்று நம்பும் பெற்றோரே, குணமான தாதியை ஏற்க மறுக்கிறார்கள்! தாதி மனுசியாக இருப்பதை நாம் மன்னிப்பதில்லை.

கேரளத்தில் 2018 மே மாதம் நிபா நோயாளியைப் பராமரித்து அந்நோயாலேயே இறந்த தாதி லினி, கணவருக்கு எழுதி வைத்துப் போன கடிதம் பலருக்கு நினைவிருக்கும். 2019 இல் வந்த 'வைரஸ்' என்ற மலையாளப் படத்தில் அவரை நினைவூட்டும் பாத்திரமும் உண்டு. அந்தக் கடிதத்தில் தியாகம் பற்றிய பெரிய வார்த்தைகள் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கும் ஒரு தாயின் சில வரிகள், அவ்வளவுதான். தேவதை அப்படி எழுதமாட்டாள்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 2017 மார்ச்சில் கிண்ணியாவை டெங்கு புரட்டிப் போட்டது. பாடசாலைகளை மூட வேண்டியதாயிற்று. ஒன்பது வயதான என் மகளுக்கும் காய்ச்சல். அவளை அனுமதித்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். அந்த வார்டின் மிஸ்ஸி மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து பிரஷர் பார்த்து, குடித்ததையும் கழித்ததையும் அளந்து எழுதினாள். பிள்ளை நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டாள். மனம் தாங்காமல், யாருக்கும் தெரியாமல் ஒரு செவ்விளநீரைப் பருக்கினேன். மிஸ்ஸி கண்டுவிட்டாள். எல்லார் முன்னிலையிலும் ஏசினாள். நான் ஒரு மாஸ்டர் என்ற எண்ணம் தலைக்கேற, நானும் திருப்பிக் கத்தினேன்.

அவள் குரலைத் தணித்துச் சொன்னாள்: டெங்கின் ஆபத்தான கட்டத்தில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். அப்போது குறைத்தாலும் ஆபத்து, அளவு மீறிக் கொடுத்தாலும் நீர் நெஞ்சில் கட்டி மூச்சு முட்டும். அதனால்தான் துளித்துளியாக அளப்பது. நான் கணக்கில் சேராமல் கொடுத்த இளநீர் அவளுடைய இரவு முழுவதின் கணக்கையும் பொய்யாக்கியிருந்தது. சுபஹு நேரம் அவள் மேசையோரம் நின்றபடியே பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்தேன். முந்தைய நாள் பகலும் அவளைத்தான் கண்டிருந்தேன். பிள்ளை சுகமாகி வீடு வந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஊரில் விசாரித்தவர்களிடம் "அந்த மிஸ்ஸிக்கு வாய் கூட" என்று மட்டும் சொன்னேன். அவள் என் மகளைக் காத்தது இனிய முகத்தால் அல்ல, பிழைக்காத அளவால் என்பதை அறிந்துகொண்டே அப்படிச் சொன்னேன்.

இப்போது அறக் கேள்விக்கு வருவோம். நம் மார்க்க அறிஞர்கள் கடமையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொருவர் மீதும் விதியானது பர்ளு ஐன். ஊரில் சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்குவதும், எவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாவதும் பர்ளு கிஃபாயா. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் அறிவு பற்றிய பகுதியில் மருத்துவத்தை இந்த இரண்டாம் வகையில் சேர்க்கிறார். எல்லாரும் சட்டக் கல்வியின் பின்னால் ஓட, ஊருக்கு வேண்டிய வைத்தியத்தைப் பிற சமயத்தவரிடம் விட்டுவிடுவதை அவர் கண்டிக்கிறார். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முந்திய கண்டனம் இது. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியின் வளவுக்குள் கூடாரம் அமைத்து, அகழ்ப்போரில் காயம்பட்ட சஅத் இப்னு முஆத் அவர்களைப் பராமரித்த ருஃபைதா அல்-அஸ்லமிய்யா பெண்தான் என்பதையும், அந்தக் காயக்காரர் ஆண்தான் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

அந்தத் தகப்பனின் பயங்கள் வெறும் பழமைவாதம் என்று நான் தள்ளிவிடவில்லை. இரவு வேலை முடிந்து வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பான வாகனம் இல்லை. சீருடை பற்றிய கவலை உண்டு. கலியாணப் பேச்சில் "நைட் டியூட்டியா?" என்று கேட்கிற மாப்பிள்ளை வீட்டார் உண்டு. ஆனால் இவற்றில் எது அந்தத் தொழிலின் குற்றம்? வாகனம் பேசித் தீர்க்கக்கூடியது. உடை பேசித் தீர்க்கக்கூடியது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது நம் வாய்களிலிருந்து பிறந்த கேள்வி. நாம்தான் அதை நிறுத்த வேண்டும். இந்த மூன்றுக்கும் பயந்து ஒரு ஊர் முழுவதும் ஒதுங்கிக்கொண்டால், பெண்ணுக்குப் பெண் வேண்டும் என்று கேட்கும் தகுதியையும் அந்த ஊர் இழந்துவிடுகிறது. 2021 நவம்பர் 23 இல் எங்கள் குறிஞ்சாக்கேணிப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடிய காலையில், அங்கே கைநீட்டி வாங்கியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்கவில்லையே!

"உங்கட மகள அனுப்புவீங்களா சேர்?" இந்தக் கேள்வியை வீட்டில் வைத்தேன். மனைவி நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்டைக்கு எனக்குக் கை தந்ததும் ஒருத்தர்ர மகள்தானே" என்றாள். மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். அவளுக்குக் கணிதத்தில்தான் நாட்டம். "எனக்கு ரத்தத்தப் பாக்கேலாது வாப்பா" என்று சிரித்தாள். ஆகவே "அனுப்புவேன்" என்று நான் சொல்லும் பதில் எனக்குச் செலவில்லாத பதில். அது எனக்குத் தெரியும். செலவில்லாத சம்மதத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு தகப்பனிடம் செலவைக் கேட்கப் போக எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

இருந்தும் போனேன். இந்த முறை சேவை, புண்ணியம், தேவதை என்ற சொற்களை எடுத்துப் போகவில்லை. செவ்விளநீர்க் கதையைச் சொன்னேன். அந்த மிஸ்ஸியைப் பற்றி ஊரில் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு, அங்கே படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோருடன் பேசிப் பார்க்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் ஆம் என்று சொல்லவில்லை. "சேர், அந்தக் கொலிஜுக்கு எந்த பஸ்ஸில போற?" என்று மட்டும் கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை அதைக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். நம் ஊர் ஒவ்வொன்றிலும் அப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை நம் வீட்டில் ஒரு நோயாளி கட்டிலில் விழும்போது நாம் யாரைத் தேடுவோம் என்பதை நினைத்து, இன்று அவர்களுக்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதைச் சிந்திப்போமாக.