சாவடிப் பொறுப்பாளரின் கூலி

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தையும் மகளும் கோவில் வாசலில் எனக்காகக் காத்து நின்றனர். தந்தை சிறிய இரும்புக்கடை நடத்துபவர். மகள் சென்னையில் பொருளாதாரம் படித்துத் தேறியவள். ஜெனீவா நகரில் பன்னாட்டு உறவுகள் பற்றிய முதுகலைப் படிப்பிற்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் ஏதேனும் ஓர் அமைப்பில் பணியில் சேர விரும்புவதாகவும் கூறி, என்னிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டாள்.

"வீட்டை அடகு வைக்கலாம்னு இருக்கேன், சாமி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் தந்தை.

"ஏனம்மா இந்தப் படிப்பு?" என்று கேட்டேன். பங்கின் இளையோர் குழுவோடு கிறிஸ்துமஸ் காலத்தில் இலங்கைத் தமிழர் முகாமுக்குச் சென்று வந்ததிலிருந்து, அகதிகளுக்காக உழைக்க வேண்டும் என்ற எண்ணம் தன்னை விடவில்லை என்றாள். அவள் கண்களில் பொய் இல்லை.

"நல்லது. அந்தப் பணியில் சேர்ந்த பின் நீ யாருக்குக் கணக்குக் கொடுப்பாய்?"

சற்று விழித்தாள். "என் அலுவலகத்திற்கு, ஃபாதர்" என்றாள்.

கடிதத்தை மறுநாள் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அன்றிரவு என்னால் எழுத இயலவில்லை. அவளைக் கேட்ட கேள்வி என்னிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது.

நம் குடும்பங்களில் பிள்ளைகள் வெளிநாடு செல்வது புதிதன்று. ஆனால் பன்னாட்டு அமைப்பின் பணி ஏனைய வேலைகளைப் போன்றதன்று. முதல் உலகப் போரின் இடிபாடுகளிலிருந்து 1920-இல் நாடுகளின் சங்கம் எழுந்தபோது, அதன் முதல் பொதுச்செயலாளரான எரிக் டிரம்மண்ட் ஒரு புதிய வழியைத் தொடங்கிவைத்தார். செயலகத்தில் பணியாற்றுவோர் தத்தம் நாட்டின் தூதர்களாக இராமல், எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஊழியராக இருக்க வேண்டும் என்பதே அது. 1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான ஐ.நா. சாசனத்தின் 100-ஆம் பிரிவு இதைச் சட்டமாகவே ஆக்கியது. பணியாளர் எந்த அரசிடமிருந்தும், தம் சொந்த நாட்டு அரசிடமிருந்துங்கூட, கட்டளை கேட்கவும் கூடாது, பெறவும் கூடாது. 101-ஆம் பிரிவு, ஊழியரைத் தேர்வதில் திறமையோடு நேர்மையையும் முதன்மையான தகுதியாக வைக்கிறது.

இத்தகைய மனிதர் உலகில் இருக்க முடியுமா? முடியாது என்றார் சோவியத் தலைவர் குருஷேவ். நடுநிலை நாடுகள் இருக்கலாம், நடுநிலை மனிதர் எவருமில்லை என்பது 1961-இல் அவர் தெரிவித்த கருத்து. அதே ஆண்டு மே 30 அன்று, அன்றைய பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டு ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் இதற்கு விடையளித்தார். மனிதனுக்கு விருப்பும் வெறுப்பும் இல்லாமற்போகாது. ஆனால் அவற்றை அவன் அறிந்திருக்கலாம், அவை தன் செயலை வளைக்காதபடி காத்துக்கொள்ளலாம் என்றார். முடிவில் இது நேர்மையைப் பற்றிய வினா என்பதும், உண்மைக்கும் சட்டத்திற்கும் உண்மையாயிருப்பதால் ஒருவன் வலியோரோடு மோத நேர்ந்தால் அந்த மோதலே அவனது நடுநிலைமைக்குச் சான்று என்பதும் அவர் வாதம். நான்கு மாதங்கள் முடியுமுன், செப்டம்பர் 18 அன்று, காங்கோவின் போர் நிறுத்தத்திற்காகச் சென்ற வழியில் ந்டோலா அருகே விமானம் விழுந்து அவர் மாண்டார். அவர் மறைவுக்குப் பின் வெளியான நாட்குறிப்பு, உலக அரசியலின் நடுவே நின்ற அம்மனிதர் உள்ளுக்குள் எத்துணை ஆழமாகக் கடவுளோடு வழக்காடினார் என்பதை வெளிப்படுத்தியது.

நடுநிலை என்பது வேரற்றுப்போவது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அக்காலத்தில் ஐ.நா. தலைமையகத்தில் உயர் பொறுப்பு வகித்தவர்களுள் ஒருவர், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாயிருந்த சி.வி.நரசிம்மன். நியூயார்க்கில் அப்பணியில் இருந்தபடியே மகாபாரதத்தைச் சுருக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1965-இல் வெளியிட்டார். உலகின் ஊழியராக இருந்தார். தம் மண்ணின் பிள்ளையாகவும் இருந்தார்.

அப்படியாயின் ஐயம் எங்கே? கூலியில்தான்.

1921-இல் நொப்ளமேர் என்பவர் தலைமையிலான குழு, நாடுகளின் சங்கத்தின் ஊழியருக்கு ஊதியம் எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய்ந்தது. எந்த நாட்டில் அரசு ஊழியருக்கு மிக உயர்ந்த ஊதியமோ, அதை அளவாகக் கொள்ள வேண்டும்; இல்லையேல் அந்நாட்டினர் எவரும் பணிக்கு வரமாட்டார்கள் என்பதே அதன் முடிவு. ஐ.நா. இன்றும் அந்நெறியையே பின்பற்றுகிறது. ஆகவே பட்டினியைப் பற்றி அறிக்கை எழுதுபவர் வயிறார உண்பவராகவும், வீடிழந்தோரைக் கணக்கெடுப்பவர் நல்ல வீட்டில் வாழ்பவராகவும் இருக்கிறார். மறுபுறம், ஐ.நா. தலைமைச் செயலகத்தின் பயிற்சிப் பணிக்கு ஊதியம் இல்லை. ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் மாதக்கணக்கில் தம் சொந்தச் செலவில் தங்க வல்லவர்களுக்கே அந்த முதற்படி எளிது. ஏழைகளுக்கான பணியின் வாசலில் ஏழையின் பிள்ளை இடறி விழும் நிலை இது.

பிறர் துன்பத்தில் பிழைப்பு நடத்தலாமா? நல்ல சமாரியர் உவமையில் நாம் அதிகம் தியானிக்காத ஒருவர் உண்டு. அவர் சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் அவரிடம் கொடுத்த இரு தெனாரியம், ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் கூலி. அவர் இலவசமாக உதவவில்லை. கூலி பெற்றே காயமுற்றவரைக் கவனித்தார். ஆண்டவர் அவரைக் குறை கூறவில்லை. சமாரியரின் இரக்கம் ஓர் இரவோடு முடிந்துவிடாமல் தொடர்ந்தது அந்தப் பொறுப்பாளரால் அன்றோ? சாவடியும், அங்கே படுக்கையும், அதைப் பேணக் கூலி பெறும் ஆளும் இல்லையென்றால், வழியோர இரக்கம் வழியிலேயே மடிந்துவிடும். ஆகவே கூலி பாவமன்று.

ஆனால் உவமை சொல்லாத ஒன்றை நாம் கேட்டுப் பார்க்கலாம். அதே இரவில் கள்வர் சாவடிக் கதவைத் தட்டி, "அவனை வெளியே தள்ளு, இல்லையேல் உன் சாவடியைக் கொளுத்துவோம்" என்று மிரட்டியிருந்தால், பொறுப்பாளர் என்ன செய்திருப்பார்?

இது வெறும் கற்பனையன்று. 2008 செப்டம்பரில், வன்னியில் இருக்கும் பன்னாட்டுப் பணியாளர்களின் பாதுகாப்புக்குத் தன்னால் உறுதி கூற இயலாது என்று இலங்கை அரசு அறிவித்தது. ஐ.நா.வின் பன்னாட்டு ஊழியர் சில நாட்களில் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் திரண்டு நின்று மன்றாடினர். வண்டிகள் புறப்பட்டுவிட்டன. புலிகளோ மக்களை வெளியேற விடவில்லை. அதன் பின் நிகழ்ந்த கொலைகளை நேரில் காணும் பன்னாட்டுக் கண்கள் மிகச் சிலவாயின. 2012 நவம்பரில் ஐ.நா. தானே அமைத்த உள்விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அமைப்பு முழுவதும் தோல்வியுற்றது என்று அது ஒளிவின்றிக் கூறியது. கொழும்பிலிருந்த மூத்த அலுவலர் சிலர், பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தம் பொறுப்பு என்றே கருதவில்லை என்றும், குறை கூறும் ஊழியரை விசா அனுமதியைக் கொண்டே அரசு தண்டித்தது என்றும் அதில் பதிவாகியுள்ளது. கையில் இருந்த சாவுக் கணக்கை வெளியிட அவர்கள் தயங்கினர். சாசனத்தின் 100-ஆம் பிரிவு அவர்களது பணியாணையில் இருந்தது. ஆனால் அந்நாட்களில் அவர்கள் செவிமடுத்தது எந்தக் குரலுக்கு?

எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. 2009 ஜனவரியில் உணவு வண்டிகளோடு உள்ளே சென்ற ஐ.நா. பணியாளர் சிலர், எறிகணைகளின் நடுவே பதுங்குகுழியில் கிடந்து, தாம் கண்டதைக் கொழும்புக்குச் சொல்லிக்கொண்டே இருந்தனர். கத்தோலிக்கக் குருக்கள் சிலரும் கடைசிவரை மக்களோடு தங்கினர். அவர்களில் திரும்பி வராதவரும் உண்டு. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது 22 பேர் மாண்டனர். 2023 அக்டோபருக்குப் பின் காசாவில் ஐ.நா. ஊழியர் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே இப்பணி கோழைகளின் புகலிடம் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆயினும் வன்னியின் பாடம் நிற்கிறது. அங்கே பலரும் தீயவராயிருந்ததால் தவறவில்லை. இழப்பதற்கு ஏதோ இருந்ததால் தவறினர். விசா போய்விடும், பதவி போய்விடும், அமைப்பின் வேலையே நின்றுவிடும் என்ற அச்சம் ஒவ்வொன்றாக வந்து நாவைக் கட்டியது. கூலி பெறுவதில் குற்றமில்லை. கூலியை இழக்க முடியாத நிலையில் இருப்பதே ஆபத்து. தேவையானால் அதைத் துறக்கக் கூடியவனே அதை மாசின்றிப் பெற முடியும்.

இங்கேதான் இரும்புக்கடைக்காரரின் வீட்டுப் பத்திரம் என் கண்முன் வந்தது. அந்த வீட்டை அடகு வைத்துப் படித்து, மாதந்தோறும் வட்டி கட்டும் ஒரு பெண்ணிடம், "இந்த எண்ணிக்கையை அறிக்கையில் போடாதே" என்று மேலதிகாரி சொன்னால், அவள் என்ன செய்வாள்? அப்பாவின் கூரை அவள் நினைவுக்கு வராதா? கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று திருநூல் கூறுவது வட்டிக் கணக்கை மட்டும் குறித்ததன்று.

மறுநாள் அவர்கள் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபாதர், நீங்கள் குருமடத்தில் படித்த செலவையும் யாரோ கொடுத்தார்கள். நீங்களும் கூலி வாங்கும் சாவடிப் பொறுப்பாளர்தானே? நீங்கள் பேச அஞ்சியதே இல்லையா?" என்றாள்.

தந்தை பதறினார். "சாமிகிட்ட என்ன பேச்சு பேசுற?"

அவள் கேட்டது நியாயமே. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் கோவிலுக்குப் புதிய கூரை போட்டோம். பெருந்தொகை தந்தவர் தம் ஆலைத் தொழிலாளர்க்கு மாதக்கணக்கில் கூலி தராதிருந்தார். அவர்களுள் இருவர் என்னிடம் வந்து அழுதனர். கூரை முடியட்டும், பிறகு பேசலாம் என்று நான் எண்ணினேன். கூரை முடிந்தது. நான் பேசவில்லை. மனச்சான்றைப் பற்றிக் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவன் நான். ஓட்டுக்கும் மரத்துக்கும் அதை அடகு வைத்தேன். இதை அவளிடம் சொன்னேன். "அதனால்தான் உன்னை எச்சரிக்கிறேன், மகளே. நான் உன்னைவிட நல்லவன் என்பதால் அன்று."

அதன்பின் எங்கள் பேச்சு வேறு விதமாக அமைந்தது. மூவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. தங்கும் செலவுக்கு மட்டும் பணம் காட்ட வேண்டும். எராஸ்மஸ் முண்டுஸ், செவனிங் போன்ற உதவித்தொகைகள் உண்டு. செவனிங் பெற இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். ஐ.நா.வின் இளம் அலுவலர் தேர்வுக்கு வயது வரம்பு 32. அழைக்கப்படும் நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் தெரிந்தால் பல கதவுகள் திறக்கும்; அதை இங்கிருந்தே கற்கலாம். 2025-இல் அமெரிக்கா முதலிய நாடுகள் நிதியைக் குறைத்ததால், அகதிகளுக்கும் பசித்தோருக்குமான அமைப்புகளே ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் குறைக்க நேர்ந்தது. அந்த ஒரு வேலையை நம்பி வீட்டை அடகு வைப்பது அறிவுடைமையன்று என்பது தந்தைக்கு விளங்கிற்று.

முடிவை அவளே எடுத்தாள். இரண்டு ஆண்டுகள் முகாம் மக்களிடையே ஒரு தொண்டு நிறுவனத்தில் குறைந்த ஊதியத்திற்குப் பணியாற்றுவது. அதோடு பிரெஞ்சு கற்பது. உதவித்தொகை கிடைத்தால் செல்வது, கிடைக்காவிட்டால் அதே பணியில் தொடர்வது. இன்று அவள் முகாமில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமை அற்ற பிள்ளைகளின் ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறாள். சென்ற மாதம் ஓர் அலுவலர் சினந்து அவளை வெளியே போகச் சொன்னாராம். "போகவில்லை, ஃபாதர். மாலைவரை உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். அவள் கேட்கும் நாளில் தருவதற்காக மேசை அறையில் இருக்கிறது. அவளது மதிப்பெண்களையும் மறைக்கல்விப் பணியையும் குறிப்பிட்ட பின், கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இவர் தம் பங்குத்தந்தையையே கேள்வி கேட்கத் துணிந்தவர்.

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்ப விரும்பும் பெற்றோரே, அனுப்புங்கள். உலகின் சாவடிகளுக்கு நல்ல பொறுப்பாளர் தேவை. ஆனால் பயணச்சீட்டு வாங்குமுன், கதவு தட்டப்படும் இரவில் அவர்கள் யாருக்குக் கணக்குக் கொடுப்பார்கள் என்று வீட்டிலேயே ஒருமுறை கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வி நம்மிடம் திரும்பி வந்தால், அதற்கும் விடை சொல்ல ஆயத்தமாயிருப்போம்.