கூந்தலும் நற்காட்சியும்

அருகன் திருவடிகளைப் பணிந்து, சாவக சாவகியர்க்கு ஒரு செய்தியைச் சொல்ல விழைகின்றேன்.

திகம்பர முனிவர்க்குரிய மூலகுணங்கள் 28. அவற்றுள் கேசலோசமும் ஒன்று. கத்தியும் கத்தரியும் இன்றித் தம் கையாலேயே மயிரைப் பறித்து நீக்குதல் அந்நோன்பாகும். இரண்டு திங்களுக்கு ஒருமுறை செய்வது சிறப்பு. மூன்று திங்கள் இடைநிலை. நான்கு திங்கள் கடைநிலை. அன்று உண்ணாநோன்பும் மேற்கொள்வர். கருவி வைத்திருந்தால் அஃது உடைமையாகும். நாவிதரை நாடினால் பிறரைச் சார்ந்ததாகும். வளரவிட்டால் பேன் முதலிய சிற்றுயிர்கள் தோன்றி வதைபடும். ஆதலின் இம்முறை வகுக்கப்பட்டது.

மயிரை வெட்டும்போது வலிப்பதில்லை. பறிக்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது? வகுப்பில் மாணவர் கேட்கத்தக்க இவ்வினாவிற்கு உடலியல் விடை தருகின்றது.

நாம் சீவி முடிக்கும் மயிரிழையில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. தோலுக்கு அடியில் மயிர்க்கால் என்னும் சிறு குழி உள்ளது. அதன் அடியில் குமிழ் போன்ற வேர்ப்பகுதியும், அதற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் உள்ளன. அங்கே செல்கள் விரைந்து பிரிந்து பெருகுகின்றன. பெருகியவை மேலே தள்ளப்படும்போது கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, கெட்டிப்பட்டு, இறந்துவிடுகின்றன. நகமும் ஆட்டின் கொம்பும் இப்புரத வகையால் ஆனவையே. இதில் கந்தகம் மிகுதி. மயிர் கருகும்போது எழும் நாற்றத்திற்குக் கந்தகமே பெரிதும் காரணம். இழையின் உறுதிக்கும் கந்தக அணுக்களின் பிணைப்புகளே துணை செய்கின்றன.

இழையின் வெளிப்புறத்தில் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் உள்ளன. உள்ளே உள்ள தடித்த பகுதியில் மெலனின் என்னும் நிறமி தங்கியுள்ளது. நிறமியை உண்டாக்கும் செல்கள் குறைந்தால் நரை தோன்றும். இழையில் நரம்பு இல்லை; மயிர்க்காலைச் சுற்றியே நரம்பு நுனிகள் உள. வெட்டினால் வலியாமையும் பறித்தால் வலித்தலும் இதனால்தான்.

மனிதர் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் மயிர்கள் உள. அவை திங்களுக்குச் சுமார் 1 செ.மீ. நீளும். ஒவ்வொரு மயிரும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் ஒடுங்கி, ஏறத்தாழ மூன்று திங்கள் ஓய்ந்து உதிரும். நலமுடையவர்க்கும் நாள்தோறும் 50 முதல் 100 மயிர்கள் உதிர்தல் இயல்பு. நிலையாமையைச் சிந்திக்க வேறு சான்று தேட வேண்டுவதில்லை. காலையில் சீப்பைப் பார்த்தாலே போதும்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகின்றேன்.

புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் பல, விரைந்து பிரியும் செல்களை அழிப்பன. நோயுற்ற செல்லையும் மயிர்க்காலின் செல்லையும் அவை பிரித்தறிவதில்லை. ஆகவே மருத்துவம் தொடங்கிய சில வாரங்களில் கூந்தல் கொத்தாக உதிரத் தொடங்கும். மருத்துவம் முடிந்த சில திங்களில் பெரும்பாலோர்க்கு மீண்டும் முளைக்கும். புழுவெட்டு என்று நாம் வழங்கும் நோயில் புழு ஏதும் இல்லை. உடலின் காப்பாற்றலே தவறி மயிர்க்காலைத் தாக்குவதால் அது விளைகின்றது. இவற்றுள் எதுவும் தொற்றாது. எதுவும் தீட்டன்று.

இருந்தும், கூந்தல் இழந்த பெண்கள் திருவிழாவிற்கு வாராமல் இல்லத்தில் ஒடுங்குவதைக் காண்கின்றோம். உறவினரின் பார்வையும், "என்ன பாவம் செய்தாளோ" என்னும் முணுமுணுப்பும் அவர்களை நோயினும் மிகுதியாக வருத்துகின்றன. முனிவரின் மயிரற்ற தலையை வணங்கும் நாம், நோயுற்ற சகோதரியின் மயிரற்ற தலையைக் கண்டு முகம் திருப்புவது எவ்வாறு பொருந்தும்?

"உடம்பு நிலையற்றது, கூந்தலுக்காக வருந்தலாமா?" என்று அவருக்கு உபதேசிப்போரும் உளர். அதுவும் தகாது. முனிவர் தாமே விரும்பித் துறந்தார். இவர் விரும்பாமலே இழந்தார். துறவு வேறு, இழப்பு வேறு. அசுசித்துவம், அநித்தியம் முதலிய பன்னிரு சிந்தனைகள் ஒவ்வொருவரும் தம்மை நோக்கிச் செய்தற்குரியவை. அழுகின்றவர்மீது எறிதற்குரியவை அல்ல. அப்போது அச்சிந்தனை தேவைப்படுவது அவருக்கன்று. அவரை உற்றுநோக்கும் நமக்கே.

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு. அவற்றுள் மூன்றாவது, உடலின் குறை கண்டு அருவருப்புக் கொள்ளாமை. அதற்கு எடுத்துக்காட்டாக நம் ஆசிரியர்கள் காட்டுவது உத்தாயணன் என்னும் மன்னனை. அவனைச் சோதிக்க வந்த தேவன், தொழுநோயுற்ற முனிவராக உருக்கொண்டு, அளித்த உணவை உண்டு, அதனை அவ்விடத்தே வாந்தி எடுத்தான். மன்னனும் அரசியும் சிறிதும் முகஞ்சுளியாது, தம் பணிவிடையிலேயே குறை நேர்ந்ததோ என்று கவன்று, அவர் உடலைத் தம் கையாலேயே தூய்மை செய்தனர்.

மேலும், பிறர்க்குத் துயரும் கண்ணீரும் விளைப்பது அசாதவேதநீய வினை நம்பால் ஊற்றெடுக்கக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரம் உரைக்கின்றது. அவள் முன்வினை யாதென்று ஆராயும் நாவே, தனக்குப் புதுவினையைத் தேடிக்கொள்கின்றது.

ஆதலின், சாவகியரே, வரும் பருவநாளில் அத்தகைய சகோதரியின் இல்லத்திற்கு நீங்களே செல்லுங்கள். தலையைப் பற்றி வினவாதீர்கள், வைத்தியமும் சொல்லாதீர்கள். "கோயிலுக்குப் போகலாம், வாருங்கள்" என்று அழையுங்கள். திருமுன் அவரருகே நில்லுங்கள். அருச்சனைத் தட்டை அவர் கையில் கொடுங்கள். பிள்ளைகள் கண்டு கற்றுக்கொள்வர்.

மயிர் மீண்டும் முளைக்கலாம், முளையாமலும் போகலாம். இறந்த செல்களாலாகிய இழைக்கும் அறிவே வடிவாகிய உயிருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தலே நற்காட்சியின் தொடக்கம்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!