நாலாவது கை

சாத்தியங்கள் பெருகினால் சுதந்திரமும் பெருகும் என்பது நம் காலத்தின் நம்பிக்கை. காஞ்சிபுரத்துப் புடவையை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

பத்து நிறங்கள் என்று கொள்வோம். உடலுக்கு ஒன்று; கரைக்கும் முந்திக்கும் வேறொன்று. இரண்டிரண்டாக எடுத்தால் 45 ஜோடிகள். ஆனால் அரக்கு உடலில் பச்சைக் கரையும், பச்சை உடலில் அரக்குக் கரையும் ஒரே புடவை அல்ல. ஆகவே 90. முந்திக்கும் தனி நிறம் என்றால் 720. இதோடு கணக்கு முடிந்தது. இந்த 720-க்குள் அதற்கு எந்தப் பேதமும் கிடையாது.

தறியில் உண்டு. ஒரே நிறமானால் ஒரு நாடா போதும். கரையின் நிறம் மாறினால் கோர்வை: மூன்று நாடாக்கள், ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் இழையும் கரை இழையும் பிணைய வேண்டும், கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள். வெகுகாலம் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன். காகிதத்தில் சமமாக நிற்கும் சாத்தியங்கள் உடம்பின்மீது சமமாக இறங்குவதில்லை. கூலிக்கு நெய்கிறவருக்கோ, எந்தப் புடவை என்பது பாவு தறியேறுமுன்பே வேறெங்கோ முடிவாகிவிடுகிறது.

பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியில் தெய்வங்களையும் கணக்கிட்டார். சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கையும் நாலு கைகளில் மாற்றி மாற்றித் தந்தால் விஷ்ணுவுக்கு 24 வடிவங்கள். பத்துக் கைகளில் பத்துப் பொருள்களோடு சிவனுக்கு 36,28,800. மரபு அந்த 24-க்கும் கேசவன் முதல் கிருஷ்ணன்வரை பெயர் வைத்துவிட்டது. 36 லட்சத்தை எந்தப் பக்தியும் பெயரிட்டு அழைக்கவில்லை; அது எண்ணாகவே நின்றுவிட்டது.

இந்தக் கணக்கில் பேசப்படாத விதி ஒன்று உண்டு: எல்லாக் கைகளும் எதையாவது பிடித்திருக்க வேண்டும். காஞ்சி வரதர் அதற்கு வெளியே நிற்கிறார். சங்கு, சக்கரம், கதை; நாலாவது கை வெறுமையாக, அபயமாக விரிந்திருக்கிறது. 24-ல் அவர் இல்லை. சன்னதிக்கு வருகிறவன் தேடுவது அந்தக் கையைத்தான். வெறுமையையும் ஒரு பொருளாகச் சேர்த்து எண்ணலாமே என்று கணிதக்காரர் சொல்லக்கூடும். எண்ணலாம். ஆனால் அதைச் சேர்க்க வேண்டுமென்று கணக்குக்குத் தானாகத் தெரியாது. வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

நாடாவை வைத்துவிட்டு ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் கை நெசவாளனுக்கு உண்டா? நிறங்கள் நூறானால் புடவைகள் 9,900 ஆகும். அந்தக் கை அதனால் முளைத்துவிடாது. எத்தனை புடவைகள் சாத்தியம் என்று கேட்கிற நாம், எத்தனை பேரால் மறுக்க முடிகிறது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது எண் மிகச் சிறியது.