கருஞ்சீரகமும் ஷிஃபாவும்

நம் வீடுகளில் கருஞ்சீரகத்திற்குத் தனி மதிப்பு உண்டு. புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வரும் ஹதீஸே அதற்குக் காரணம். ‘அல்ஹப்பத்துஸ் ஸவ்தா’வில், ‘ஸாம்’ நீங்கலாக எல்லா நோய்க்கும் ஷிஃபா உண்டென நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள்.

‘ஹப்பத்’ என்றால் விதை. ‘ஸவ்தா’ என்றால் கறுப்பு. கறுப்பு விதைகள் பலவாயிற்றே, இது எது? அறிவிப்பாளர்களுள் ஒருவரான இமாம் இப்னு ஷிஹாப் (ரஹ்) அவர்களே விளக்கினார்கள்: ‘ஸாம்’ என்பது மௌத்து, கறுப்பு விதை என்பது ‘ஷூனீஸ்’. அதுவே நமது கருஞ்சீரகம். அன்றாடம் சமையலுக்குப் போடும் சீரகம் வேறு. அதற்கு அரபியில் ‘கம்மூன்’ என்று பெயர்.

சகோதரிகளே! ‘எல்லா நோய்க்கும்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு, நீரிழிவுக்கு வைத்தியர் தந்த மருந்தையே நிறுத்திவிடுவோர் உண்டு. இது பெரும் ஆபத்து. சொல் பொதுவாக இருந்தாலும், அவ்விதையின் தன்மைக்கு இசைந்த நோய்களையே அது குறிக்கும் என இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். வைத்தியம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாமே!

எனவே கருஞ்சீரகத்தை நல்ல நிய்யத்துடன் உண்ணுங்கள், மருந்தையும் விடாதீர்கள். இரண்டிலும் ஷிஃபாவை வைப்பவன் அல்லாஹ் ஒருவனே. நம் நோயாளிகள் யாவருக்கும் அவன் பூரண சுகமளிப்பானாக! ஆமீன்.