காத்யாயனியின் பங்கு

அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிற வயதில் விவாகரத்து மனுவோடு வருகிறவர்களை, ஜொகூர் பாருவில் ஒரு லாயர் ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது நிறையவே பார்த்தேன். இப்போது ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து உபநிடதம் படிக்கிறோம். ஆபீசிலும் சரி, கூடத்திலும் சரி, பெண்கள் கேட்டது ஒன்றைத்தான்: "அக்கா, பேரன் பேத்தி எடுத்தப்புறம் பங்கு கேக்கிறது பாவமில்லையா? எல்லாத்தையும் விடுற வயசாச்சே?"

விடுகிற வயதுதான். வானப்பிரஸ்தம் போகிறவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாம், இல்லாவிட்டால் மகன்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்கிறது மனுஸ்மிருதி. மகன் சிங்கப்பூரில் வாடகை அறையில் இருப்பான் என்று மனு எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எனக்குப் பிடித்த சாட்சி பிருகதாரண்யக உபநிடதத்தில் இருக்கிறது. யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டுக் கிளம்புகிறார். மைத்ரேயி, காத்யாயனி என்று இரண்டு மனைவியர். கிளம்பும் முன் அவர் எடுக்கிற முதல் பேச்சே இருவருக்கும் சொத்தைப் பிரித்து வைப்பது பற்றித்தான். பூமி நிறையச் செல்வம் கிடைத்தாலும் எனக்குச் சாவில்லாமல் போகுமா என்று மைத்ரேயி கேட்க, பேச்சு ஆத்மாவுக்குத் தாவிவிடுகிறது. படிக்கிறவர்களும் அவள் பின்னாலேயே போய்விடுகிறோம். காத்யாயனியைப் பற்றி, சாதாரணப் பெண்ணறிவு உள்ளவள் என்று ஒரு வரி, அவ்வளவுதான். அவள் கைக்கு என்ன வந்தது என்பதை உபநிடதம் சொல்லவில்லை.

அது துறவு, விவாகரத்து இல்லை என்று எங்கள் கூடத்திலேயே ஒரு பெரியவர் மறுத்தார். சரிதான். ஆனால் பிரம்மத்தை அறிந்தவருக்கே கணக்கை முடிக்காமல் வாசல் தாண்ட மனம் வரவில்லையே! மைத்ரேயி வேண்டாம் என்றதும், பங்கை அவள் முன்னால் வைத்த பிறகுதான். தனக்கு எவ்வளவு என்றே தெரியாதவள் எதைத் துறப்பாள்?

இங்கே மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 76-ஆவது பிரிவு, ஒருவர் மட்டும் சம்பாதித்துச் சேர்த்த சொத்தில் அவருக்கே பெரிய பங்கு என்றுதான் முன்பு சொன்னது. 2018 டிசம்பர் 15 முதல் அந்த வேறுபாடு போய்விட்டது. வீட்டைப் பார்த்துக்கொண்டது, குடும்பத்தைக் கவனித்தது, எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது, எல்லாவற்றையும் எடைபோட்டுச் சமபங்கின் பக்கம் சாயச் சொல்கிறது சட்டம்.

உலு திராமிலிருந்து வந்த ஒரு அம்மா, "எங்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லம்மா" என்றபடியே பையிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தார். உள்ளே அடகுச் சீட்டுகள். வளையல், அட்டிகை, தோடு என்று ஒவ்வொன்றும் எடையோடு, மை மங்கி. மீட்ட நகைக்குச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இவையெல்லாம் மூழ்கிப்போனவை. வீட்டுக்கு முன்பணம் கட்ட வைத்த நகைகள். வீடோ கணவர் பெயரில். தாய்வீட்டுச் சீர் பெண்ணுக்கே சொந்தம் என்று ஸ்திரீதனத்துக்கு இலக்கணம் எழுதிய சாஸ்திரம் அந்த டின்னுக்குள் சுருண்டு கிடந்தது. லாயர் ஒவ்வொன்றையும் நகலெடுக்கச் சொன்னார்.

இன்னும் சிலர், "எதுவும் வேணாம்னு எழுதிருங்க, நிம்மதியா போறேன்" என்பார்கள். பலருக்கு அது வைராக்கியம் இல்லை, களைப்பு. அவர்களிடம் நான் சொன்னது: முதலில் வீட்டின் விலையும் பாக்கிக் கடனும் என்னவென்று பாருங்கள். கணவரின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை 55 வயதில் முழுக்க எடுக்கலாம். எடுத்தாரா, அது எங்கே போனது என்று கேளுங்கள். தனியாக இருந்தால் வாடகை, சர்க்கரை மாத்திரை, கரண்ட் பில் எவ்வளவு ஆகும்? உங்கள் சொந்த ஈ.பி.எஃப்.பில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது? தீர்ப்பு வந்ததும் அது தானாக மாறாது, உயிலும் அப்படித்தான். இவ்வளவும் எழுதிய தாளைப் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், வேண்டாம் என்றே மனுவில் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன்.