சாடி மரமும் பரிவின் அறமும்

யன்னலோரத்துச் சிறு மேசையொன்றின் மீது ஒரு முழ உயரமான மரம் நிற்கிறது. அடி பருத்திருக்கிறது, வேர்கள் மண்ணைக் கவ்விப் புடைத்து நிற்கின்றன, கிளைகள் குடைபோல் விரிந்துள்ளன. கண்ணைச் சற்றே சுருக்கிப் பார்த்தால், ஊர்ச் சந்தியில் நூறாண்டு நிழல் தந்த முதுமரமொன்று தொலைவில் தெரிவது போன்ற மயக்கம் உண்டாகும். ஆயின் அம்மரம் நிற்பதோ உணவுக் கோப்பையிலும் சற்றே ஆழமான சாடியொன்றில். இதனையே போன்சாய் என்கின்றனர். தட்டில் நடப்பட்டது என்பதே அந்த யப்பானியச் சொல்லின் பொருள்.

இதனைக் காண்போர் உள்ளத்தில் இரு உணர்ச்சிகள் அடுத்தடுத்து எழுகின்றன. முதலில் வியப்பு, பின்னர் ஓர் உறுத்தல். ஓங்கி வளரவேண்டிய உயிரொன்றை மேசைமீது அடக்கி வைத்தல் அழகுணர்ச்சியா, அன்றிக் கொடுமையா? இதனை வெறும் பொழுதுபோக்கு வினாவென ஒதுக்கிவிடலாகாது. பரிவு என்ற சொல்லை வீட்டிலும் பள்ளியிலும் அரசியல் மேடையிலும் நாள்தோறும் வழங்குகிறோம். அச்சொல்லின் உள்ளீடு யாது என்பதை ஆராய இச்சிறு மரம் நல்லதொரு வாய்ப்பைத் தருகிறது.

முதலில் மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வீட்டினுள் வளர்க்கப்படும் போன்சாய்களுட் பல ஃபைகஸ் என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. எமது ஆலும் அரசும் அத்தியும் அப்பேரினத்தனவே. கல்கத்தாவை அடுத்த ஹவுராத் தாவரவியற் பூங்காவில் 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆலமரமொன்று உண்டு. நோயுற்ற அதன் அடிமரம் 1925இல் அகற்றப்பட்டது. எனினும் 3,000க்கு மேற்பட்ட விழுதுகளை ஊன்றிக்கொண்டு அது இன்றும் ஒரு தோப்பெனப் பரந்து நிற்கிறது. போன்சாய்க்கெனக் குள்ள வித்து என்று தனியாக ஒன்று கிடையாது. சாடியிலுள்ள மரத்தின் வித்து நல்ல நிலத்தில் விழுந்தால் பெருமரமாகவே வளரும். பறவையின் எச்சத்தோடு பழங்கோயிற் சுவரின் வெடிப்பில் விழுந்து முளைத்த ஆலங்கன்றை நாம் கண்டிருக்கிறோம். ஒரு பிடி மண்ணும் அற்ற அவ்விடத்தில் அது பல ஆண்டுகள் சாண் உயரத்துடனேயே காலங்கழிக்கும். வேர்நுனி என்றோ ஒருநாள் நிலத்தைத் தொட்டதும் விரைந்து வளர்ந்து சுவரையே பிளந்துவிடும். குறுமை அதன் குணமன்று, இருப்பிடத்தின் விளைவு.

போன்சாய் வளர்ப்போன் அந்தச் சுவர் வெடிப்பின் வேலையைத் திட்டமிட்டுத் தன் கையாற் செய்கிறான். சில ஆண்டுகளுக்கொருமுறை மரத்தைச் சாடியிலிருந்து எடுத்து, சுருண்டு நெருங்கிய வேர்களில் மூன்றிலொரு பங்குவரை கத்தரித்து, புதுமண்ணிட்டு மீண்டும் அமர்த்துவான். தளிர் ஆறு அல்லது எட்டு இலை விட்டதும் அதனை இரண்டு இலைக்குக் குறைப்பான். வெட்டுவாயிலிருந்து வெண்பால் வடியும். கிளைகளைச் செம்புக் கம்பியாலோ அலுமினியக் கம்பியாலோ சுற்றித் தான் விரும்பும் திசைக்கு வளைப்பான். கம்பி பட்டையிற் பதிந்து வடுவாகுமுன் அதனை வெட்டி அகற்றுவான். மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குகின்றனர் எனப் பலர் எண்ணுவது தவறு. போதிய பசளையும் நீரும் ஒளியும் இன்றேல் வெட்டிய கிளை செவ்வனே துளிர்க்காது. மேல்மண் சிறிது உலர்ந்ததும் நீர் வார்த்தல் வேண்டும். மிகுநீர் அடித்துளைகளால் வடிதல் வேண்டும். சாடி நீரிலேயே நின்றால் வேர் அழுகும். வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காதிருத்தல் நன்று. இடம் மாற்றினாலோ, ஒளி குறைந்தாலோ, குளிர்காற்றுப் பட்டாலோ மரம் இலைகளை உதிர்க்கும். தன் நிலையைத் தெரிவிக்க அதற்கு வாய்த்த மொழி அதுவே.

இக்கலை மேன்மக்களின் முற்றங்களில் வளர்ந்தது. சீனாவில் தாங் வம்சத்து இளவரசன் ஒருவனுக்கு 706இல் அமைக்கப்பட்ட கல்லறையின் சுவரோவியத்தில், சிறு பாறைகளும் செடியும் கொண்ட தட்டை ஏந்தி நிற்கும் பணியாள் ஒருவர் தீட்டப்பட்டுள்ளார். இளவரசனின் பெயரை வரலாறு குறித்துவைத்தது. தட்டை ஏந்தியவரின் பெயரை அன்று. சீனத்திலிருந்து யப்பான் சென்று செம்மையுற்ற இக்கலையை 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஐரோப்பியர் கண்டு வியந்தனர். யப்பானியர் போற்றிய பைன் முதலிய குளிர்நாட்டு மரங்கள் வீட்டினுள் நெடுநாள் வாழா. அவற்றுக்குப் பனிக்கால உறக்கம் வேண்டும். வெப்பநாட்டு ஃபைகஸ்களுக்கு அது வேண்டுவதில்லை. ஆகவேதான் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் தொடர்மாடி வீடுகளில், தோட்டம் இல்லாதோரின் மரமாக அவை குடியேறின. தென்சீனத்துப் பூஜியன் மாகாணத்தில் உழைப்போர் வளர்த்த மரங்கள் கடல்கடந்து விற்பனைக்குச் செல்கின்றன. ஒரு சாண் நிலமும் சொந்தமில்லாத நகரத் தொழிலாளி தன் யன்னலிற் சிறிது பசுமையைக் காண விரும்பினால், அவ்வேக்கத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம்.

எனினும் நாம் முன்னர் கூறிய உறுத்தலும் நியாயமானது, பழமையானதுங் கூட. சீனச் சிந்தனையாளர் கொங் ட்சிஜென் 1839இல் நோயுற்ற பிளம் மரங்களைப் பற்றிச் சிறு கட்டுரையொன்று எழுதினார். நேரான மரத்தினுங் கோணல் மரமே அழகுடையது எனக் கற்றோர் சிலர் கொண்ட சுவை, சந்தையில் விலையாக மாறிற்று. விலைக்காக வளர்ப்போர் நேரிய கிளைகளை வெட்டினர், இளங்கொம்புகளை அழித்தனர், மரங்களின் உயிர்ப்பை அடக்கினர். கொங் 300 சாடிகளை விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்றேனும் நலமுடன் இருக்கவில்லை. மூன்று நாள் அழுதபின் சாடிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, மரங்களை நிலத்தில் நட்டார். ஐந்தாண்டுகளில் அவற்றை முழுநலம் பெறச் செய்வதெனச் சூளுரைத்தார். நாட்டிலுள்ள நோயுற்ற பிளம் மரங்கள் யாவற்றையும் பேணுதற்குத் தம்மிடம் ஓய்வும் நிலமும் இல்லையே என வருந்தினார். சிங் வம்ச ஆட்சியில் அறிஞர்தம் ஆற்றல் முடமாக்கப்பட்டதையே அவர் மரத்தின் பெயரால் எழுதினார் என்பது வெளிப்படை.

கொங்கின் சீற்றம் எமக்கு உவப்பானதே. ஆயினும் உவமையை அவ்வாறே ஏற்குமுன் மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். மரத்துக்கு நரம்புத் தொகுதி இல்லை. கத்தரி படும்போது அது எம்மைப்போல் நோவுறுகிறது என்று கொள்ள ஆதாரமில்லை. நன்கு பேணப்பட்ட போன்சாய் நோய்மரமும் அன்று. 1625 முதல் சாடியில் வளர்க்கப்பட்டு வந்த வெண்பைன் ஒன்று ஹிரோஷிமாவில் யாமகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6இல் அணுகுண்டு வெடித்தபோது, ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில் மதிலொன்றின் மறைவில் நின்ற அது பிழைத்தது. 1976இல் குண்டு வீசிய நாட்டுக்கே அது நன்கொடையாக வழங்கப்பட்டது. அது குண்டிலிருந்து பிழைத்த வரலாறு 2001இல் அக்குடும்பத்துப் பேரர்கள் வாஷிங்டன் சென்றபோதே அங்குள்ளோருக்குத் தெரியவந்தது. ஏறக்குறைய 400 ஆண்டுகளாகத் தலைமுறைதோறும் யாரோ ஒருவர் தவறாது நீர் வார்த்திராவிடின் அம்மரம் இன்றில்லை. இதனைக் கொடுமை என்ற ஒரு சொல்லால் முடித்துவிட இயலுமா?

மேலும், சாடியை உடைத்தல் எவ்விடத்தும் விடுதலையாகாது. பெர்லின் நகரத்து யன்னலிலுள்ள ஃபைகஸ் ஒன்றை இரக்கங்கொண்டு தெருவோர மண்ணில் நட்டால், முதற் பனிக்காலத்திலேயே அது மடிந்துவிடும். இயல்பான மண்ணிலிருந்து பெயர்த்து, வேரைக் குறைத்து, வேற்றுக் காலநிலையில் வைத்தபின், அதன் வாழ்வு வளர்ப்போன் கையிலுள்ள நீர்க்குவளையோடு பிணைக்கப்பட்டுவிட்டது.

எமது வினாவின் மையம் இங்கேதான் இருக்கிறது. வளர்ப்போன் காலையில் நீர் வார்க்கிறான். மரத்தின்மீது தான் கொண்ட அன்பை எண்ணித் தன்னையே மெச்சிக்கொள்கிறான். நிலத்தில் நிற்கும் முதிர்ந்த ஆலுக்கு எவர் நீர் வார்க்கின்றனர்? அதன் வேர் தானே நீரைத் தேடிச் செல்லும். சாடி மரம் அவன் கையை எதிர்பார்த்து நிற்பது, தேடிச் செல்லும் வேர் வெட்டப்பட்டதனாலன்றோ? ஆகவே அவன் வார்க்கும் நீர் கொடையாகாது. அது அவன் தீர்க்கும் கடன். வார்க்காது விட்டால் அவனை ஈகையிற் குறைந்தவன் என்பது போதாது; கடன் தவறியவன் என்றே சொல்லல் வேண்டும். ஓர் உயிரின் தேவையைத் தானே உண்டாக்கியவன், அதனை நிறைவேற்றியமைக்காக நன்றி கோரும் உரிமையற்றவன்.

வேரை வெட்டியவர் வேறொருவர். கடையில் விலைகொடுத்து வாங்கியவர் என்ன பிழை செய்தார் என்று கேட்கலாம். வெட்டியதன் பயனாகிய அழகை அவரே நுகர்கிறார். பயனை ஏற்றவர் கடனையும் ஏற்றவராவர். யாமகி குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறையும் தான் வெட்டாத வேர்களுக்காக நீர் சுமந்தது. முன்னோரின் சொத்தை மட்டும் ஏற்று அவர்தம் கடனை மறுப்போர், இச்சிறு மரத்திடம் நாணங் கற்றல் நன்று.

இக்கூற்று மரத்தோடு நின்றுவிடுவதில்லை. நிலத்தைப் பறித்தபின் கூலி கொடுப்போனும், கல்வியை மறுத்தபின் அறிவுரை வழங்குவோனும், பிறநாட்டைச் சுரண்டியபின் உதவி அனுப்பும் வல்லரசும் தத்தம் பரிவை எமக்கு நினைவூட்டத் தவறுவதில்லை. ஒரு கையில் நீர்க்குவளையைக் காணும்போது, மறுகையிலிருந்த கத்தரி எங்கே என்று கேட்க நாம் பழகுதல் வேண்டும்.

இவ்வினா எம்மையும் விட்டுவைப்பதில்லை. ஆசிரியர்களாகிய எம்மிற் பலர் மாணவரை உருவாக்குவதாகப் பெருமை கொள்கிறோம். சுவர் வெடிப்பில் முளைத்த கன்றைப் பார்த்து, இதன் வளர்ச்சி இவ்வளவுதான் என்று தீர்ப்பும் வழங்குகிறோம். கத்தரியே வேண்டாமென்பது எம் கருத்தன்று; பிழை திருத்தாமற் கல்வி இல்லை. ஆயின் அத்திருத்தம் யாருக்காக? போன்சாயின் வடிவம் பார்ப்போன் கண்ணுக்காக அமைந்தது. மாணவனைத் திருத்துவதோ, ஒருநாள் எம் நீர்க்குவளை இன்றியே அவன் வாழும் ஆற்றலை வளர்ப்பதாக இருத்தல் வேண்டும். ஆண்டு முடிவில் அவனுக்கு நாம் முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறோமாயின், எம் பணியில் எங்கோ தவறுண்டு. மரம் பெரிய சாடி கேட்பதில்லை. மாணவன் கேட்பான்: வினாவாகக் கேட்பான், மறுப்பாகக் கேட்பான், சிலவேளை வகுப்புக்கு வராமல் நின்றும் கேட்பான். உதிர்ந்த இலையைக் கண்டு மரத்தின் நிலையை அறியக் கற்ற நாம், வெறுமையாகக் கிடக்கும் வாங்கைக் கண்டு மாணவனின் நிலையை அறியக் கல்லாதிருப்பது எவ்வாறு பொருந்தும்?

அவ்வாறாயின் மேசைமீதுள்ள மரத்தை என்செய்வது? வைத்திருப்போர் வைத்திருக்கட்டும். வேரை வெட்டியபின் கைவிடுதல், வெட்டியதினும் பெரும் பிழை. காலையில் மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்க்கட்டும். உலர்ந்திருந்தால் நீர் வார்க்கட்டும். வெயில் வரும் பக்கம் திருப்பி வைக்கட்டும். தம்மை வள்ளல்களென மட்டும் எண்ணாதிருக்கட்டும். மனிதரைப் பொறுத்தவரை எமது கடமை அதனோடு முடிவதில்லை. கொங் தம்மிடம் போதிய நிலமில்லையே என வருந்தினார். தனியொருவரால் ஆகாத அந்நிலத்தைப் பலர் கூடி ஆக்கலாம். ஒவ்வொரு வேரும் தானே நீர் தேடிச் செல்லத்தக்க நிலமாக அதனை ஆக்கும் பணி எம் அனைவருக்கும் உரியது.